எக்கோ யாருக்குக் கேக்கலையோ அவர் ஹெட்செட்லதான் பிரச்சன

கேம் ஆடுறவங்க பேசிக்கிற டிஸ்கார்ட் ஆப்ல நாலஞ்சு பேர் சேர்ந்து கேம் ஆடுறப்போ, இல்ல ஆபிஸ் மீட்டிங்ல, திடீர்னு ஒருத்தர் "டேய், நான் பேசுறது எனக்கே திரும்பி வருதுடா"ம்பார், உடனே இன்னொருத்தர் "அப்போ உன் மைக்கப் பாரு மச்சான்"ம்பார், இவரும் ஹெட்செட்ட கழட்டி மாட்டி, ஆப்ப மூடித் திறந்து, டிரைவர அப்டேட் பண்ணி, கடைசியா கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் பண்ணிட்டு வருவார். வந்து பேசுனா எக்கோ அப்படியே இருக்கும். இருக்கத்தான் செய்யும், ஏன்னா அவர் மெஷின்ல ஒண்ணுமே கெட்டுப்போகல.

சவுண்ட் போற வழிய ஒரு தடவ யோசிச்சா போதும். நீங்க பேசுறது நெட் வழியா போய் இன்னொருத்தர் ஹெட்போன்ல கேக்குது, அங்க அது எப்படியோ அவரோட மைக்குக்குள்ள புகுந்துடுது, அவர் மைக் அத அவர் குரல்னு நெனச்சு திரும்ப எல்லாருக்கும் அனுப்புது. அது உங்க காதுக்கு வர்றப்போ கால் செகண்டோ அரை செகண்டோ லேட்டா வரும், அதான் எக்கோ. ஆனா யார் மைக்ல இப்படி சவுண்ட் லீக் ஆகுதோ அந்த ஆளுக்கு மட்டும் எதுவும் கேக்காது, ஏன்னா எந்த ஆப்பும் ஒருத்தர் அனுப்புறத அவருக்கே திருப்பிப் போடாது. அதனால அஞ்சு பேர் இருக்குற கால்ல நாலு பேர் எக்கோ எக்கோன்னு கத்திட்டு இருக்க ஒருத்தர் மட்டும் "எனக்கு எல்லாம் நல்லாத்தானே இருக்கு, உங்க நெட்ல ஏதோ"ன்னு நிம்மதியா சொல்றார்னா, அவர்தான் நாம தேடுற ஆள். ஒவ்வொருத்தரா ம்யூட் பண்ணச் சொல்லிப் பாருங்க, யார் ம்யூட் ஆனதும் எக்கோ நிக்குதோ அவர் ஹெட்செட்தான். மீட்டிங்ல இத எல்லார் முன்னாடியும் சொன்னா சிலருக்குக் கோவம் வரும், தனியா மெசேஜ் போட்டுடுறது நல்லது.

இது கம்ப்யூட்டர் வந்தப்புறம் வந்த தொல்லை இல்ல. டெலிபோன் காலத்துலயே இருந்ததுதான். சாட்டிலைட் வழியா கால் போக ஆரம்பிச்சப்போ அது ரொம்பப் பெரிய தலைவலியாச்சு, ஏன்னா சாட்டிலைட் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு, குரல் மேல போய் கீழ வரவே கால் செகண்ட் ஆகும், எக்கோ திரும்பி வர அரை செகண்ட், அரை செகண்ட் கழிச்சு உங்க குரலே காதுல விழுந்தா பேச்சு குழறிடும். அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்குற டெலிபோன் ஆராய்ச்சிக் கூடத்துல 1960கள்ல இதுக்கு எக்கோவக் கழிச்சு எடுக்குற எக்கோ கேன்சலர்னு ஒண்ணக் கண்டுபிடிச்சாங்க, அந்த வேலைல முக்கியமானவர் இந்தியாவுல பிறந்த மன் மோகன் சோந்தி, 1967ல அவர் எழுதின பேப்பர இன்னைக்கும் இந்தத் துறைல அடிப்படைன்னு சொல்வாங்க. இப்போ நம்ம ஆப்புக்குள்ள ஓடுறதும் அதே ஐடியாவோட வளர்ந்த வடிவம்தான். அது ஏன் கேம் ஆடுறப்போ நம்மள கைவிடுதுன்னு பின்னாடி வரேன்.

அதுக்கு முன்னாடி இன்னொரு குழப்பத்தத் தீர்த்துடலாம். நீங்க பேசுறது உங்க ஹெட்செட்லயே, கொஞ்சம்கூட லேட் இல்லாம கேக்குதுன்னா அது லீக்கே இல்ல. அதுக்கு 'சைட்டோன்'னு பேரு, காத மூடிட்டுப் பேசுறவங்க கத்திப் பேசாம இருக்கணும்னு வேணும்னே வெக்கிறது, பழைய லேண்ட்லைன் ரிசீவர்லயும் இது இருந்துச்சு. புடிக்கலன்னா ஹெட்செட் ஆப்ல கொறச்சுக்கலாம், இல்லன்னா விண்டோஸ்ல மைக் ப்ராப்பர்ட்டீஸ்குள்ள லிசன்னு ஒரு டேப் இருக்கும், அதுல டிக் இருந்தா எடுத்துடுங்க.

சரி, லீக் நம்ம ஹெட்செட்லதான்னு தெரிஞ்சுபோச்சு. அடுத்து எல்லாரும் செய்றது நேரா மைக்குக்கு ஸ்பாஞ்ச் வாங்கி மாட்டுறது. ஸ்பாஞ்ச் காத்துச் சத்தத்துக்கும் 'ப' 'ப'ன்னு வெடிக்கிறதுக்கும்தான், லீக்குக்கு அது ஒண்ணும் செய்யாது. முதல்ல சவுண்ட் எந்த வழியா வருதுன்னு தெரியணும். வழி மூணு: சாஃப்ட்வேர் வழி, காத்து வழி, வயர் வழி. மூணுக்கும் மருந்து வேற வேற, ஒண்ணோட மருந்து இன்னொண்ணுக்குப் பெரும்பாலும் வேலை செய்யாது, நிறைய பேர் மாசக்கணக்கா அல்லாடுறது இதனாலதான்.

பிரிக்கிறது கஷ்டம் இல்ல. விண்டோஸ்ல வாய்ஸ் ரெக்கார்டர் மாதிரி ஏதாவது ஒண்ணத் திறந்து, ஒரு பாட்டப் போட்டுட்டு, நீங்க வாயத் திறக்காம கொஞ்ச நேரம் ரெக்கார்ட் பண்ணுங்க. பாட்டு ரெக்கார்ட் ஆகுதா? இப்போ விண்டோஸ் வால்யூம சுத்தமா பூஜ்யத்துக்குக் கொண்டுபோயி, பாட்டு ஓடட்டும், மறுபடி ரெக்கார்ட் பண்ணுங்க. ஹெட்போனுக்கு ஒண்ணுமே போகல, ஆனா ரெக்கார்டிங்ல பாட்டு இருக்குன்னா அது சாஃப்ட்வேருக்குள்ளயே நடக்குற கூத்து.

சாஃப்ட்வேர் கூத்து பெரும்பாலும் ரெண்டுதான். ஒண்ணு ஸ்டீரியோ மிக்ஸ். ரியல்டெக் சவுண்ட் சிப் இருக்குற போர்டுல ரெக்கார்டிங் லிஸ்ட்ல மைக்குக்குப் பக்கத்துலயே இது இருக்கும், கம்ப்யூட்டர்ல ஓடுற அத்தனை சவுண்டையும் அப்படியே அனுப்புறதுதான் இதோட வேலையே, எப்பவோ ஒரு வீடியோ ரெக்கார்ட் பண்ண ஆன் பண்ணி மறந்திருப்போம், ஆப் அதையே இன்புட்டா எடுத்துக்கும். இதுல சவுண்ட் கொஞ்சம்கூட மங்காம, ஒரிஜினல் மாதிரியே அடுத்தவங்களுக்குப் போகும், அதுவே ஒரு அடையாளம். இன்னொண்ணு ஸ்ட்ரீம் பண்றவங்க போட்டு வெச்சிருக்குற, சவுண்டுகளக் கலக்குற விர்ச்சுவல் மிக்ஸர் சாஃப்ட்வேர், வாய்ஸ்மீட்டர் மாதிரி, அதுல ஒரு பட்டன் தப்பா அமுங்கி இருந்தா கேம் சவுண்ட் மைக் லைன்ல போய் விழும். ரெண்டுக்கும் ஆப்ல இன்புட் டிவைஸ் டிஃபால்ட்னு விடாம ஹெட்செட் மைக்க பேர் சொல்லித் தேர்ந்தெடுத்துட்டா பாதிப் பிரச்சன முடிஞ்சுது.

வால்யூம் பூஜ்யத்துல வெச்சதும் பாட்டு மறைஞ்சா, மிச்சம் பெரும்பாலும் காத்தும் வயரும்தான். இங்கதான் ஆளுங்க தப்பான பக்கம் போறாங்க.

காத்து வழின்னா ஹெட்போன் கப்புலேர்ந்து வெளிய கசியுற சத்தம் மைக்ல விழுறது. கப்போட வெளிப்பக்கம் திறந்திருக்குற ஓப்பன் பேக் ஹெட்போன்னா கசியத்தான் செய்யும், அத அப்படித்தான் டிசைன் பண்ணிருக்காங்க. மூடின கப்புலயும் குஷன் தோல் உரிஞ்சு நைஞ்சு போயிருந்தா, கண்ணாடி போட்டவங்களுக்கு அந்தக் காம்பு குஷனத் தூக்கி இடைவெளி விட்டுருந்தா, ஒரு காத வெளிய விட்டுட்டு அரைகுறையா மாட்டிக்கிற பழக்கம் இருந்தா கசியும். காதுல கேக்குற அளவு ரொம்ப ஏத்தி வெச்சிருந்தாலும் அப்படித்தான், எதிராளி காலடிச் சத்தம் கேக்கணும்னு ஷூட்டர் கேம் ஆடுறவங்க வால்யூம உச்சத்துல வெச்சுட்டு "என் மைக் லீக் ஆகுது"ன்னா என்ன சொல்றது. இத டெஸ்ட் பண்ண ஹெட்செட்ட தலைலேர்ந்து எடுத்து, ரெண்டு கப்பையும் தலகாணிக்கு நடுவுல நல்லா அமுக்கி வெச்சு, மைக்க வெளிய நீட்டி விட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. பாட்டு நல்லாவே கொறஞ்சா காத்து வழி. கொஞ்சம்கூட கொறையல, அதே தெளிவுல வருதுன்னா வயர்.

மைக்குக்குப் பிங்க், காதுக்குப் பச்சைன்னு ரெண்டு தனித்தனி ப்ளக் இருக்குற ஹெட்செட்டுன்னா இன்னும் சுத்தமான ஒரு டெஸ்ட் இருக்கு. பிங்க் கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும், பச்சைய மட்டும் புடுங்கி போன்ல குத்தி, அதே அளவு சத்தத்துல பாட்டப் போடுங்க. இப்போ ஹெட்போன் கரண்ட் ஒரு மெஷின்ல, மைக் இன்னொரு மெஷின்ல, ரெண்டுக்கும் கரண்ட் தொடர்பு கெடையாது. அப்பவும் லீக் இருந்தா பெரும்பாலும் காத்து வழிதான்னு சொல்லிடலாம், நின்னுபோச்சுன்னா வயர், இல்ல அந்த கம்ப்யூட்டர் ஜாக். போன் சார்ஜர்ல இல்லாம இருக்கணும், ரெண்டு மெஷினும் எர்த் வழியா சேர்ந்துக்கும்.

என் கணிப்பு, கம்மி விலை 3.5 மில்லிமீட்டர் ப்ளக் ஹெட்செட்ல வர்ற கம்ப்ளெய்ன்ட்ல நல்ல பங்கு வயர்தான், ஆனா கண்ணுக்குத் தெரியாததால யாரும் அதச் சந்தேகப்படுறதில்ல. உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விலாவாரியா பாப்போம்.

ஒத்த ப்ளக் ஹெட்செட் நுனிய உத்துப் பாருங்க, மூணு கருப்புக் கோடு இருக்கும், அது உலோகத்த நாலு துண்டாப் பிரிக்குது. நுனி இடது காது, அடுத்தது வலது காது, மூணாவது க்ரவுண்ட், அடில இருக்குறது மைக். ரெண்டு காதுக்கும் மைக்குக்கும் ஆக மூணு வேலைக்குத் திரும்பி வர்ற வழி அந்த ஒத்த க்ரவுண்ட் மட்டும்தான். வயருக்கு ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) இல்லன்னா பிரச்சன இல்ல, ஆனா தலைமுடி மாதிரி மெல்லிசா இருக்குற வயர், அதுல ப்ளக் தொடுற எடம், ப்ளக்க ரெண்டாப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர், எக்ஸ்டென்ஷன்னு ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா ரெசிஸ்டன்ஸ சேர்க்கும். வீட்டுல மோட்டார் போட்டா லைட் மங்குதுல்ல, அதே கதைதான், பெரிய கரண்ட் போற வயர்லயே சின்ன வேலையும் தொங்குனா பெருசோட ஆட்டம் சின்னதுலயும் தெரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். 32 ஓம் ஹெட்போன், நல்ல சத்தமா 0.1 வோல்ட் போகுதுன்னா ஒரு காதுக்கு 3 மில்லிஆம்ப், ரெண்டு காதுக்கும் 6. பொது க்ரவுண்ட்ல 0.2 ஓம் இருந்தாக்கூட அங்க 1.2 மில்லிவோல்ட் உண்டாகும். இது ஒண்ணும் இல்லாத மாதிரிதான் இருக்கு, ஆனா அந்தச் சின்ன மைக்ல நீங்க சாதாரணமா பேசுனா வர்ற சிக்னலே சில மில்லிவோல்ட்தான்! அந்த 1.2ல முழுசும் மைக் லைன்ல ஏறாது, ஒரு பங்குதான் ஏறும், ஆனா அந்த ஒரு பங்கே அடுத்தவங்க காதுல தெளிவா கேக்குறதுக்குப் போதும். வால்யூம ஏத்துனா கரண்ட் ஏறும், லீக்கும் கூடவே ஏறும், தலகாணிக்குள்ள வெச்சாலும் போர்வைய மூடுனாலும் அதுக்குக் கவலையே இல்ல, ஏன்னா காத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது.

இதுக்குள்ளயே இன்னொரு ரகமும் இருக்கு. மைக் வயரும் காது வயரும் மீட்டர் கணக்குல ஒட்டிட்டே போறதால, சுத்தி சரியான ஷீல்டு (உலோக உறை) இல்லன்னா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு சிக்னல் தாவும். அதுல கனமான பேஸ் சத்தம் வராது, தாளத்தோட 'ச்சிக் ச்சிக்', பேச்சுல 'ஸ்' 'ஷ்' மட்டும் மெல்லிசா வரும். நண்பர் "உன் மைக்ல ஏதோ கொசு பாடுற மாதிரி கேக்குது"ன்னு சொன்னா இதுவா இருக்க வாய்ப்பு அதிகம். க்ரவுண்ட் வழியா வர்றது அப்படி இல்ல, முழுப் பாட்டும் பேஸோட வரும்.

ஸ்ப்ளிட்டர் விஷயம் தனியா சொல்லணும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கொட்டிக் கெடக்குற, ஒத்த ப்ளக்க பிங்க்கும் பச்சையுமா ரெண்டாப் பிரிக்கிற அந்தக் குட்டி வயர வாங்கி மாட்டுனா மைக்கும் காதும் பிரிஞ்சுடும், லீக் போயிடும்னு நிறைய பேர் நம்புறாங்க. பிரியுறது ஸ்ப்ளிட்டருக்கு அப்புறம் மட்டும்தான், ஹெட்செட்டுக்குள்ள காதுலேர்ந்து ப்ளக் வரைக்கும் வர்ற க்ரவுண்ட் ஒண்ணா இருந்தா அது ஒண்ணாவேதான் இருக்கும், நீங்க கூடுதலா இன்னொரு தொடுபுள்ளியச் சேர்த்திருக்கீங்க, அவ்ளோதான். ஸ்ப்ளிட்டர் போட்டப்புறம்தான் லீக் ஆரம்பிச்சுதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஆச்சரியமே இல்ல.

க்ரவுண்ட் சரியா தொடலன்னா என்ன ஆகும்னு ஒரு வேடிக்கையான அடையாளம் இருக்கு. ப்ளக்க கொஞ்சமா வெளிய இழுத்து பாட்டு கேளுங்க, பாடுறவர் குரல் காணாம போயிடும், வயலினும் கோரஸும் மட்டும் ஏதோ கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி வரும். க்ரவுண்ட் அந்து போனதும் ரெண்டு காதும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா இணைஞ்சு, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேக்கும், குரல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குறதால கழிஞ்சு போயிடுது. உங்க ஹெட்செட்ல எப்பவாவது இப்படிக் கேட்டா ஜாக் அழுக்கா இருக்கு, இல்ல ப்ளக் முழுசா உக்காரல, அப்போ லீக்கும் உறுதியா இருக்கும். பழைய ஹெட்செட் வெச்சிருக்குறவங்களுக்கு இன்னொண்ணு: பழைய நோக்கியா போன் சிலதுக்கு வந்த ஹெட்செட்ல க்ரவுண்டும் மைக்கும் எடம் மாறி இருக்கும், அத இப்போ இருக்குற லேப்டாப்ல குத்துனா இதே கெணத்துச் சவுண்ட்தான்.

டெஸ்க்டாப்ல இருக்குறவங்க முதல்ல செய்ய வேண்டியது, கேபினெட் முன்னாடி ஜாக்லேர்ந்து புடுங்கி பின்னாடி மதர்போர்டுல இருக்குற பச்சை, பிங்க்ல குத்துறது. முன்னாடி ஜாக்லேர்ந்து போர்டு வரைக்கும் ஒரு மெல்லிசு கேபிள் உள்ள ஓடுது, கிராபிக்ஸ் கார்டுக்கு பக்கத்துலயே, க்ரவுண்டு வேற பொதுவா பகிர்ந்துக்கும். காசு செலவில்லாத இந்த ஒரு மாத்தத்துலயே லீக் பாதியா கொறஞ்சவங்க நிறைய பேர். லேப்டாப்ல 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் மட்டும் இருந்து, சார்ஜர புடுங்குனா நின்னுடுச்சுன்னா அது லீக் இல்ல, எர்த் பிரச்சன, அது வேற கத.

எந்த வழியா இருந்தாலும் சரி, அதப் பூதாகாரமா ஆக்குறது கெயின்தான், அதாவது மைக் சிக்னல எத்தனை மடங்கு பெருசாக்குறோம்ங்குறது. விண்டோஸ்ல மைக் லெவல்ஸ்ல மைக்ரோஃபோன் பூஸ்ட்னு ஒண்ணு இருக்கும், +20 டெசிபல்னா பத்து மடங்கு, +30ன்னா முப்பது மடங்குக்கும் மேல. "குரல் கேக்கலடா"ன்னு யாரோ சொன்னாங்கன்னு அத உச்சத்துல தூக்கி வெச்சுட்டா, கூடவே அந்த ஒரு மில்லிவோல்ட் குப்பையும் முப்பது மடங்கு ஆகும். அதுக்கு மேல ஆப்புல ஆட்டோமேட்டிக் கெயின் கன்ட்ரோல்னு ஒண்ணு, நீங்க சும்மா இருக்குறப்போ 'அய்யோ சத்தம் கம்மியா இருக்கே'ன்னு கெயின தானா ஏத்தும், நீங்க பேசாத அந்த நேரத்துலதான் அந்தப் பக்கம் இருக்குறவர் பேசிட்டு இருப்பார், அவர் குரல்தான் லீக் ஆகிட்டு இருக்கும், அதத் தூக்கி அவருக்கே பெருசா அனுப்பி வெக்கும். ரெண்டையும் கொறைங்க. கொறச்சா குரல் கேக்காதேன்னா, மைக்க வாய்க்குப் பக்கத்துல கொண்டு வாங்க, வாயோட ஓரமா ரெண்டு விரல் தூரம். தூரம் பாதியானா சத்தம் 6 டெசிபல் ஏறும், 12 சென்டிமீட்டர்லேர்ந்து 3க்கு வந்தா 12 டெசிபல், அந்த 12அ கெயின்ல கொறச்சுக்கலாம், உங்க குரல் அதே அளவு இருக்கும், லீக் நாலுல ஒரு பங்காயிடும். காத்து லீக், வயர் லீக் ரெண்டுக்கும் வேல செய்ற வைத்தியம் இது, பத்து பைசா செலவில்ல, ஆனா மைக்க நெத்திக்கு மேல தூக்கி விட்டுட்டுப் பேசுறவங்கதான் ஜாஸ்தி.

சரி, ஆப்புல எக்கோ கேன்சலேஷன், நாய்ஸ் சப்ரெஷன்னு ஆயிரம் இருக்கே, அது எதுக்குன்னு கேக்கலாம். எக்கோ கேன்சலர் எப்படி வேல செய்யுதுன்னா, ஸ்பீக்கருக்கு நான் அனுப்புன சவுண்ட் இது, மைக்ல திரும்பி வர்றதுல இதோட சாயல் எவ்ளோ இருக்குன்னு கணக்குப் போட்டு அதக் கழிச்சுடும். அதுக்கு ஒரிஜினல் சவுண்ட் கைல இருக்கணும். நிறைய ஆப்புக்கு தான் அனுப்புன சவுண்ட், அதாவது நண்பர்களோட குரல், மட்டும்தான் தெரியும், பக்கத்துல ஓடுற கேம் என்ன சத்தம் போடுதுன்னு தெரியாது. அதனாலதான் குரல் எக்கோ நின்னாலும் துப்பாக்கிச் சத்தம் மட்டும் போயிட்டே இருக்கு. நாய்ஸ் சப்ரெஷன் இதுக்கு நேர் எதிர், டிஸ்கார்ட்ல 2020ல வந்த கிரிஸ்ப் மாதிரி ஏஐ வகை எல்லாம் ஃபேன், கீபோர்டு, ரோட்டுல ஹார்ன்னு மனுஷக் குரல் இல்லாததத் தூக்கும், மனுஷக் குரல பெரும்பாலும் விட்டுடும். லீக் ஆகுற உங்க நண்பர் குரலும் மனுஷக் குரல்தானே, அது எந்தச் சோதனையும் இல்லாம உள்ள போயிடும்! அப்போ கேம் சத்தத்துக்கு சப்ரெஷன், நண்பர் குரலுக்கு எக்கோ கேன்சலேஷன், ரெண்டும் ஆன்ல இருக்கணும். ஸ்ட்ரீமுக்கு சவுண்ட் நல்லா வரணும்னு ரெண்டையும் ஆஃப் பண்ணி வெச்சுட்டு லீக்னு தேடுறவங்களும் உண்டு.

எவ்ளோ சத்தம் வந்தா மைக் திறக்கணும்னு சொல்ற இன்புட் சென்சிட்டிவிட்டிய ஆட்டோல விடாம கையால ஏத்தி வெச்சா, லீக் மட்டும் வர்ற நேரத்துல மைக் திறக்காது. நீங்க பேசுறப்போ திறக்கும், அப்போ லீக்கும் சேர்ந்துதான் போகும், ஆனா உங்க குரலுக்கு அடியில அமுங்கிடும். பட்டன அமுக்குனாத்தான் மைக் திறக்குற புஷ் டு டாக்கும் கிட்டத்தட்ட இதேதான். நோய மறைக்கிற வேலைதான், ஆனா அடுத்தவங்களுக்கு அது போதும், வெக்கப்பட வேண்டியதில்ல.

வயர் லீக்குன்னு உறுதியானா கடைசி வழி யூஎஸ்பி. சில நூறு ரூபாய்க்கு கெடைக்கிற குட்டி யூஎஸ்பி சவுண்ட் கார்டுல மைக்குக்கு ஒண்ணு, ஹெட்போனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஓட்டை இருக்குறதப் பாத்து வாங்குங்க, ரெண்டு ப்ளக் ஹெட்செட்டுக்கு இது அருமையா வேல செய்யும். ஒத்த ப்ளக் ஹெட்செட்டுன்னா ஸ்ப்ளிட்டரும் முன்னாடி ஜாக்கும் சேர்த்த ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் கொறையும், ஹெட்செட்டுக்குள்ள இருக்குற பொது வயர எந்த அடாப்டராலயும் பிரிக்க முடியாது, அதுக்கு ஹெட்செட்டத்தான் மாத்தணும். ப்ளூடூத்ல இந்த வயர் தொல்லை கெடையாது, ஆனா மைக் ஆன் ஆனதும் பெரும்பாலான ஹெட்செட்ல சவுண்ட் மோனோவாகி பழைய டெலிபோன் மாதிரி ஆயிடும், கேம் ஆடுறவங்களுக்கு அது சரிப்படாது. யூஎஸ்பின்னு எழுதிருந்தாலே லீக் இருக்காதுன்னும் சொல்ல முடியாது, சில கம்மி விலை மாடல்ல வயர் நடுவுல இருக்குற கன்ட்ரோல் டப்பாவுக்குள்ள சவுண்ட் சிப்ப வெச்சுட்டு, அங்கேர்ந்து காது வரைக்கும் அதே பொது க்ரவுண்டதான் இழுத்திருப்பாங்க.

அதனால புதுசு வாங்குறப்போ கடைலயே லேப்டாப்ல மாட்டி, வால்யூம முழுசா வெச்சு ஒரு பாட்டப் போட்டு, கப்ப ரெண்டையும் உள்ளங்கையால இறுக்கி மூடி, வாயத் திறக்காம பத்து செகண்ட் ரெக்கார்ட் பண்ணி கேட்டுப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பாத்துட்டுப் போகட்டும். ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா ரிட்டர்ன் டேட் முடியுறதுக்குள்ள இதே டெஸ்ட வீட்டுல செஞ்சுடுங்க.